மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்: ஐரோப்பாவின் துப்புத் துலங்காத கொலைகளை இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007 ஏப்ரல் 25. ஜெர்மனியின் ஹைல்பிரோன் நகரில் ரோந்துக் காரில் இருந்த 22 வயதுப் பெண் காவலர் தலையில் சுடப்பட்டு இறந்தார். கூட இருந்த காவலருக்கும் தலையில் குண்டு, அவர் பிழைத்துக்கொண்டார். காரில் எடுத்த மாதிரியில், யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் டிஎன்ஏ கிடைத்தது. தரவுத்தளத்தில் தேடினால் அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். 1993இல் இடார்-ஓபர்ஷ்டைன் ஊரில் கொல்லப்பட்ட 62 வயதுப் பெண்ணின் வீட்டுக் கோப்பையில் அதே டிஎன்ஏ. 2001இல் ஃப்ரைபுர்க் கொலையிலும் அதே. ஒரு ஹெராயின் ஊசியில், கடித்துப் போட்ட பிஸ்கட்டில், பிரான்ஸில் கொள்ளைக்குப் பயன்பட்ட பொம்மைத் துப்பாக்கியில், ஆஸ்திரியாவின் திருட்டு வழக்குகளில் என்று மூன்று நாடுகளில் சுமார் 40 இடங்களில் அவள் வந்து போயிருந்தாள். பத்திரிகைகள் அவளை முகமில்லாப் பெண் என்றன. துப்புக் கொடுத்தால் 3 லட்சம் யூரோ என்று அறிவித்தார்கள்.

2009 மார்ச்சில் எல்லாம் சரிந்தது. பிரான்ஸில் எரிந்து கிடந்த ஓர் ஆணின் உடலை அடையாளம் காண, அவர் முன்பு புகலிட விண்ணப்பத்தில் பதித்திருந்த கைரேகையைச் சோதித்தார்கள். அதிலும் அதே பெண்ணின் டிஎன்ஏ. ஓர் ஆணின் விரல் பதிந்த தாளில் பெண்ணின் டிஎன்ஏ எங்கிருந்து வரும் என்று யோசித்தபோதுதான், மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளின் மேல் சந்தேகம் திரும்பியது. அந்த டிஎன்ஏ குச்சிகளைப் பொதிந்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதான். ஆனால் கிருமியைக் கொல்லும் முறை டிஎன்ஏவை அழிப்பதில்லை.

அந்த வழக்கில் முன்பே கவனித்திருக்கக்கூடிய ஒன்று உண்டு. அவள் சுற்றியதாகச் சொல்லப்பட்ட பகுதிக்கு நடுவில் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அவள் தடமே இல்லை. பவேரியப் போலீஸ் குச்சிகளை வேறு இடத்திலிருந்து வாங்கியது. கொலைகாரி போன வழி என்று வரைபடத்தில் குறித்து வந்தது உண்மையில் குச்சிகள் விற்பனையான வழி.

இதுபோன்ற வழக்குகளைப் படிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள், விசாரிக்கிறவர்கள் எல்லோருமே முதலில் செய்யும் தவறு இதுதான். இரண்டு இடங்களைச் சேர்த்துக் கட்டும் பொருள் எது என்று கேட்டுவிட்டு, அந்தப் பொருளையே சோதிக்காமல் விட்டுவிடுகிறோம். இரு நாட்டு வழக்குகளில் ஒரே தடயம் வந்தால், இரண்டு இடத்துக்கும் பொதுவாகப் போனது குற்றவாளி மட்டும்தானா, அல்லது ஒரே ஆய்வகமா, ஒரே கருவியா, ஒரே நிபுணரா என்று பார்க்க வேண்டும். தடயச் சேகரிப்புப் பொருட்களில் மனித டிஎன்ஏ கலக்காமல் தடுப்பதற்கென்று ஐஎஸ்ஓ 18385 என்ற பன்னாட்டுத் தரம் 2016இல்தான் வந்தது. அதே 2016இல், 2001இல் காணாமல்போன ஒரு ஜெர்மன் சிறுமியின் எலும்புகள் கிடைத்த காட்டில், இறந்துபோன ஒரு நவநாஜிக் கொலையாளியின் டிஎன்ஏ கிடைத்ததாகப் பெரிய செய்தி வெளியானது. அடுத்த ஆண்டு விசாரணை முடிவில், அது போலீஸ் கொண்டுபோன உபகரணத்திலிருந்து வந்த கலப்பு என்று தெரிந்தது. ஹைல்பிரோன் முடிந்து ஏழே ஆண்டுகள்.

டிஎன்ஏ பொருந்திவிட்டது என்றால்?

கலப்பே இல்லாத சுத்தமான மாதிரியிலும் தற்செயல் பொருத்தம் வரும். 1999இல் இங்கிலாந்தில், பார்க்கின்சன் நோயால் நடக்கவே சிரமப்பட்ட ஒருவர், 200 மைலுக்கு அப்பால் நடந்த ஒரு திருட்டுக்காகப் பிடிக்கப்பட்டார். டிஎன்ஏவின் ஆறு இடங்கள் பொருந்தின. தற்செயலாக அப்படிப் பொருந்த 3 கோடியே 70 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்றார்கள். பத்து இடங்களை வைத்து மீண்டும் பார்த்தபோது பொருந்தவில்லை. 2003இல் லிவர்பூல் பகுதி மதுக்கடை ஊழியர் ஒருவர், இத்தாலியின் டஸ்கனியில் முந்தைய ஆண்டு நடந்த கொலைக்காகக் கைதானார். அவர் இத்தாலிக்குப் போனதே இல்லை. மறுசோதனையில் விடுபட்டார்.

3 கோடியே 70 லட்சத்தில் ஒன்று என்றால் நடக்கவே நடக்காது என்று மனம் சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள் தெரியாத ஒரு லட்சம் தடயங்களை 50 லட்சம் பேர் உள்ள தரவுத்தளத்தோடு ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். அது 50,000 கோடி ஒப்பீடுகள். அந்த வாய்ப்பு விகிதப்படி, எந்தத் தொடர்பும் இல்லாமலேயே 13,000 பொருத்தங்களுக்கு மேல் வரும். ஐரோப்பிய நாடுகள் தங்கள் தரவுத்தளங்களை ஒன்றோடொன்று ஒப்பிட 2005இல் ப்ரூம் என்ற சிற்றூரில் ஏழு நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 2008இல் அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டமானது. ஒப்பீடு பெருகப் பெருகத் தற்செயலும் பெருகும் என்பதால்தான் பொதுவாகச் சோதிக்கும் இடங்களின் எண்ணிக்கையை 2009இல் 7இலிருந்து 12 ஆக்கினார்கள். பழைய வழக்குகளில் இருப்பதோ பெரும்பாலும் பாதி அழிந்த மாதிரி. 12 இடமும் கிடைக்காது. ஆகவே இரண்டு நாட்டுக் கொலைகள் டிஎன்ஏவால் இணைந்தன என்று செய்தி வந்தால் எத்தனை இடம் பொருந்தியது, மறுசோதனை நடந்ததா என்பவைதான் முதல் இரு கேள்விகள். செய்தியில் அவை இல்லையென்றால் அது விசாரணையின் தொடக்கம் மட்டுமே.

அந்நியன் கை

இந்தத் தவறைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். மற்றத் தவறுகளால் காலமும் பணமும் போகும். இதனால் மனிதர்கள் நசுங்கினார்கள்.

2000 முதல் 2006 வரை ஜெர்மனியில் ஒன்பது பேர் பட்டப்பகலில், தங்கள் கடைகளிலும் வேலையிடங்களிலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் துருக்கி வழியினர், ஒருவர் கிரேக்கர். பூ விற்றவர், தையற்காரர், காய்கறிக்கடைக்காரர், சாவி செய்பவர். நியூரம்பெர்க், மியூனிக், ஹாம்புர்க், ராஸ்டாக், டார்ட்முண்ட், காசெல் என்று ஊர்கள் வேறு. துப்பாக்கி மட்டும் ஒன்றே, செக் நாட்டில் தயாரான செஸ்கா 83. குண்டுகள் அதை உறுதிசெய்தன. ஒன்பதும் ஒரே தொடர் என்பதில் சந்தேகமில்லை. அதுவரை சரி.

அதற்கு மேல் போலீஸ் கட்டியதெல்லாம் ஊகம். இறந்தவர்கள் துருக்கியர், ஆகவே காரணமும் துருக்கியில் இருக்கும்: போதைக் கடத்தல், மாஃபியா, சூதாட்டக் கடன், குடும்பப் பகை. சிறப்பு விசாரணைக் குழுவுக்கே துருக்கியின் நீரிணையான போஸ்போரஸின் பெயரை வைத்தார்கள். ஆள் சிக்குவார்களா என்று பார்க்கப் போலீஸே கபாப் கடை நடத்தியது. கணவனை இழந்த பெண்களிடம் அவருடைய கள்ள உறவு பற்றியும் கடத்தல் பற்றியும் கேட்டார்கள். 2006இல் காசெலிலும் டார்ட்முண்டிலும் அந்தக் குடும்பங்கள் தெருவில் இறங்கி, பத்தாவது பலி வேண்டாம் என்று ஊர்வலம் போனார்கள். எங்கள் பிள்ளைகளை இனவெறியால் கொல்கிறார்கள் என்று அவர்களுக்குப் பட்டது. கேட்க ஆளில்லை.

2006இல் பவேரியப் போலீஸின் நடத்தை ஆய்வாளர்கள், இது வெளிநாட்டவர் மீதான வெறுப்பாக இருக்கலாம் என்று ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அது பிடிக்காமல் வேறொரு மாநிலத்திடம் இன்னொரு கருத்து கேட்கப்பட்டது. 2007இல் வந்த அந்த அறிக்கை சொன்னதன் சாரம் இது: நம் பண்பாட்டில் மனிதரைக் கொல்வது பெரும் விலக்கு, எனவே கொலையாளி நம் விழுமியங்களுக்கு வெளியே இருப்பவன். ஹிட்லரின் ஆட்சி முடிந்து 62 ஆண்டுகள் ஆன நாட்டில், அரசு அலுவலகம் ஒன்றில், இதை எழுதினார்கள்.

2011 நவம்பர் 4 அன்று ஐசெனாக் நகரில் எரிந்த ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு ஜெர்மன் நவநாஜிகளின் உடல்கள் கிடந்தன. உள்ளே ஹைல்பிரோன் காவலர்களிடமிருந்து பறித்த துப்பாக்கிகள். அவர்கள் வாழ்ந்த வீட்டின் இடிபாட்டில் செஸ்கா 83. ஒன்பது பேரையும் பெண் காவலரையும் கொன்றது ஒரே கும்பல், என்எஸ்யு (தேசிய சோஷலிசத் தலைமறைவு) என்ற நவநாஜிக் குழு. உயிரோடிருந்த மூன்றாமவர் பேயாட்டே ஷேப்பேவுக்கு 2018இல் ஆயுள் தண்டனை.

முகமில்லாப் பெண்ணைத் தேடிய காலத்தில் என்ன நடந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரியாவில் செய்த கூடுதல் ஆய்வு, அந்த டிஎன்ஏ கிழக்கு ஐரோப்பா, ரஷ்யப் பக்கம் அதிகம் காணப்படும் வகை என்றது. ஹைல்பிரோனில் கொலை நடந்த திடல் அருகே தங்கியிருந்த சின்ட்டி, ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை மக்கள் மேல் சந்தேகம் விழுந்தது. துப்பு இல்லாத கொலைக்கு வெளியூர்க்காரன்தான் காரணம் என்று நம்புவது உள்ளூருக்கு ஆறுதல். இனி நீங்கள் ஒரு வழக்கைப் படிக்கும்போது, வெளிநாட்டுத் தொடர்பு என்று சொல்லப்படுவதற்கு, பலியானவரின் ஊரும் பெயரும் தவிர வேறு ஆதாரம் உண்டா என்று தேடிப் பாருங்கள்.

பிரான்ஸின் அனெசி ஏரிக்கு அருகே ஷெவாலின் மலைச்சாலையில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த கொலைகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். விடுமுறைக்கு வந்த ஈராக்கிய-பிரிட்டிஷ் குடும்பத்தில் மூவரும், அந்த வழியே வந்த பிரெஞ்சு சைக்கிள்காரர் ஒருவரும் சுடப்பட்டார்கள். இரு சிறுமிகள் பிழைத்தார்கள். நான்கு வயதுக் குழந்தை தாயின் உடலடியில் சுமார் எட்டு மணிநேரம் ஒளிந்திருந்தது. குடும்பத் தலைவர் ஈராக்கில் பிறந்த பொறியாளர் என்றதும் சதாம் பணம், உளவு, செயற்கைக்கோள் ரகசியம் என்று கதைகள் கிளம்பின. அவர் சகோதரரைக் கைது செய்தார்கள், ஆதாரமில்லாமல் விட்டார்கள். கையில் உள்ள திடமான தடயமோ ஸ்விஸ் ராணுவம் ஒரு காலத்தில் பயன்படுத்திய பழைய லூகர் வகைத் துப்பாக்கியின் குண்டுகள். குறி யார்மேல் வைக்கப்பட்டது என்பதே தீரவில்லை. இன்றுவரை அந்த வழக்கு திறந்தே இருக்கிறது.

ஃப்ளாரன்ஸ் நகரைச் சுற்றி 1968 முதல் 1985 வரை எட்டு ஜோடிகள் கொல்லப்பட்ட வழக்கிலும் ஜெர்மானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இறந்தார்கள். காரணம் எளிது: அந்தக் குன்றுகளில் வண்டியிலும் கூடாரத்திலும் இரவு தங்கியவர்கள் சுற்றுலாப் பயணிகள். அதைவைத்து இந்த வழக்கைக் கலிஃபோர்னியாவின் துலங்காத ஸோடியாக் தொடர் கொலைகளோடு இணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டாவோ கைரேகையோ எதுவும் அதற்கு இல்லை.

ஒத்துக்கொண்டவன் உண்மையைத்தான் சொல்வான் என்று நம்புவது

ஸ்வீடனின் தாமஸ் குவிக் மனநல மருத்துவமனையில் இருந்தபடி முப்பதுக்கும் மேற்பட்ட கொலைகளை ஒத்துக்கொண்டார். அவற்றில் எட்டுக்குத் தண்டனை கிடைத்தது. பலியானவர்களில் நார்வேச் சிறுமி ஒருத்தியும் நெதர்லாந்துத் தம்பதியும் ஓர் இஸ்ரேல் இளைஞரும் உண்டு. அவர் சொல்லைக் கேட்டு 1996இல் ஒரு சிறு ஏரியையே இறைத்துப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. நார்வே எல்லைக் காட்டில் கிடைத்த சிறு துண்டைக் குழந்தையின் எரிந்த எலும்பு என்று நீதிமன்றத்தில் காட்டினார்கள். பின்னாளில் சோதித்தபோது அது மரத்தூளும் பசையும். ஆஸ்லோவின் அகதிகள் மையத்திலிருந்து மறைந்த இரண்டு சிறுவர்களைத் தானே கொன்றதாகச் சொன்னார். இருவரும் உயிரோடு இருந்தார்கள். நார்வே வழக்குகளின் விவரம் அவருக்கு எப்படித் தெரிந்தது? அந்நாட்டுப் பத்திரிகைகளைப் படித்துத்தான். 2008இல் எல்லாவற்றையும் மறுத்தார். 2013க்குள் எட்டுத் தண்டனைகளும் நீங்கின. அதாவது எட்டு வழக்குகளில் உண்மைக் கொலையாளிகளைத் தேடும் வேலை பத்தாண்டுக்கு மேல் நின்றுபோயிருந்தது.

அயல்நாட்டுக் கொலையின் விவரம் தெரிந்திருப்பதால் மட்டும் ஒருவன் அங்கே இருந்தவன் ஆகிவிட மாட்டான். போலீஸுக்கும் கொலையாளிக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை, யாரும் எடுத்துக்கொடுக்காமல் அவன் சொன்னானா என்பதே கேள்வி. ஸ்வீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே 1986இல் சுடப்பட்ட வழக்கில் 130க்கும் மேற்பட்டவர்கள் நானே கொன்றேன் என்று வந்தார்கள். குர்திஷ் அமைப்பு, தென்னாப்பிரிக்க உளவுத்துறை என்று பன்னாட்டுச் சதிகள் வரிசையாகத் தேடப்பட்டன. 2020இல் வழக்கை மூடியபோது அரசு வழக்கறிஞர் சந்தேக நபராகச் சொன்னது, கொலை நடந்த தெருவிலேயே வேலை பார்த்து, 2000இல் இறந்துபோன ஓர் உள்ளூர்க்காரரை. அதையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியவில்லை என்பதை மறக்கக் கூடாது.

எல்லையோடு நின்றுவிடுவது

இவ்வளவையும் படித்துவிட்டு, பன்னாட்டுத் தொடர்பே கிடையாது என்று முடிவு கட்டினால் அதைவிட ஆபத்து வேறில்லை.

மிஷேல் ஃபூர்னிரே பிரான்ஸில் பாலியல் குற்றங்களுக்காகச் சிறையிருந்தவன். 1987இல் வெளியே வந்தான்; அந்த ஆண்டே கொலையைத் தொடங்கினான். பிறகு எல்லை தாண்டி பெல்ஜியத்தில் குடியேறினான். பிரெஞ்சுக் குற்றப்பதிவு பெல்ஜியத்தில் தெரியாது. பள்ளி ஒன்றில் வேலைகூடக் கிடைத்தது. 2003 ஜூனில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி அவன் வேனிலிருந்து தப்பியிராவிட்டால் இன்னும் எத்தனை பேரோ. 2008இல் ஏழு கொலைகளுக்குத் தண்டனை பெற்றான். ஒன்றிய நாடுகளின் குற்றப்பதிவுகளை இணைக்கும் எக்ரிஸ் அமைப்பு 2012இல் செயலுக்கு வந்ததன் பின்னால் இந்த வழக்கின் வலி இருக்கிறது.

ஃபோல்கர் எக்கெர்ட் ஒரு ஜெர்மன் லாரி ஓட்டுநர். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் சாலையோரம் பாலியல் தொழில் செய்த பெண்களைக் கொன்றான். ஒவ்வொரு நாட்டுக்கும் அது தனித்தனி வழக்கு. இறந்தவர்களைத் தேடி அழுத்தம் கொடுக்க ஆள் குறைவு. 2006இல் ஸ்பெயினில் ஓர் ஆலையின் கண்காணிப்புக் கேமரா அவன் லாரியைப் பதிவுசெய்ததால் மாட்டினான். விசாரணையில்தான் தெரிந்தது, 1974இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் பிளௌவனில் தற்கொலை என்று மூடிய ஒரு பள்ளி மாணவியின் மரணமும் அவன் செய்தது என்று.

உண்மையான இணைப்பு எப்படி நிரூபணமாகிறது என்பதற்கு ராபர்ட் பிளாக் வழக்கு நல்ல பாடம். போஸ்டர் விநியோக வேன் ஓட்டிய அவன் மேல் 1994இல் மூன்று சிறுமிகளின் கொலை நிரூபிக்கப்பட்டது, பெட்ரோல் ரசீதுகளால். அந்தந்த நாளில் அந்தந்த ஊரின் அருகே அவன் எண்ணெய் போட்டிருந்தான். 2011இல் வட அயர்லாந்தில் 1981இல் நடந்த கொலையும் அதேபோலப் பழைய ரசீது, சம்பளப் பதிவு வழியாக நிலைநாட்டப்பட்டது. நெதர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி வழக்குகளிலும் அவன் பெயர் அடிபட்டது. அங்கே ரசீது கிடைக்கவில்லை, நிரூபணமும் இல்லை. ஆஸ்திரியாவின் யாக் உண்டர்வேகர் விஷயத்திலும் இதே. வியன்னா, பிராக், லாஸ் ஏஞ்சலிஸ் பெண்களின் கழுத்தை இறுக்கிய முடிச்சு ஒரே மாதிரி இருந்தது விசாரணையைத் தூண்டியது. ஆனால் கிரெடிட் கார்டு செலவுகள் அவனை ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த நாளில் நிறுத்தின. அவன் பழைய காரில் கிடைத்த ஒரு முடி பிராக் பெண்ணுடையது என்று டிஎன்ஏ சொன்னது. 1994இல் ஒன்பது கொலைகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது.

கொலை செய்த விதம் ஒத்திருப்பதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதும் இதிலிருந்து விளங்கும். கழுத்தை நெரிப்பது, சாலையோரம் வீசுவது, உடலை எரிப்பது எல்லாம் ஐரோப்பா எங்கும் நடப்பவை. ஒத்திருக்கும் அம்சம் எவ்வளவு அரிதானது என்று தெரியாமல் ஒற்றுமையை எண்ணிக்கொண்டு போவதில் பயனில்லை. வேறுபாடுகளையும் அதே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல இணைப்புகள் அங்கேயே அறுந்துவிடும்.

அடையாளம் தெரியாத உடல்களில் இன்னொரு சறுக்கல் உண்டு. நார்வேயின் பெர்கன் அருகே 1970இல் எரிந்து கிடந்த இஸ்டால் பெண் பல போலிப் பெயர்களில் பயணம் செய்தவர். பற்களில் நடந்த ஐசோடோப் ஆய்வு, அவர் நியூரம்பெர்க் வட்டாரத்தில் பிறந்து, சிறுவயதில் பிரான்ஸ் பக்கம் போயிருக்கலாம் என்றது. அது வளர்ந்த மண்ணைப் பற்றிய தகவல். உளவாளி என்பதற்கோ, யார் கொன்றார் என்பதற்கோ, ஏன், கொலைதான் என்பதற்கோகூட அது சான்றாகாது. வயது, உயரம், பிறந்த நாடு பற்றிய மதிப்பீடுகளை முடிந்த முடிவாகக் கொண்டு, பொருந்தாத பெயர்களைத் தள்ளிவிடுவதும் இதே தவறின் மறுபக்கம்.

2023 மே மாதம் இன்டர்போல் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியில் உடலாகக் கண்டெடுக்கப்பட்ட, பெயர் தெரியாத 22 பெண்களின் விவரங்களை வெளியிட்டது. பெரும்பாலோர் கொலையுண்டவர்கள். 1992இல் ஆன்ட்வெர்ப் ஆற்றில் கிடைத்த ஒருவரின் கையில் கறுப்பு ரோஜாப் பச்சை குத்தியிருந்தது. அதைச் செய்தியில் பார்த்த பிரிட்டனிலுள்ள குடும்பம் அடையாளம் சொன்னது, 31 ஆண்டுகளுக்குப் பிறகு. 2024இல் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினும் சேர்ந்தன; மேலும் பல பெண்களின் விவரங்கள் வந்தன. இன்டர்போல் இணையதளத்தின் அந்தப் பக்கங்களில் மோதிரம், சட்டை, காலணி, வரைந்த முகம் என்று படங்கள் இருக்கின்றன. யாரையாவது தெரிகிறது என்று தோன்றினால், கொலையாளி யார் என்ற உங்கள் ஊகத்தை விட்டுவிட்டு, அவரைக் கடைசியாக எப்போது எங்கே பார்த்தீர்கள், அவருக்கு என்ன அடையாளம் இருந்தது, உறவினர் யார் இருக்கிறார்கள் என்பதை அங்குள்ள படிவத்தில் எழுதி அனுப்புங்கள். முகநூலில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள். குடும்பத்துக்கு அந்தச் செய்தி முதலில் போலீஸ் வழியாகப் போக வேண்டும். பெயர் கிடைத்த பிறகும் ஆன்ட்வெர்ப் கொலை துலங்கவில்லை. அவருடைய கடைசி மாதங்களில் அவரோடு பழகியவர்களை பெல்ஜியப் போலீஸ் தேடியது.